ஊசித் துளை இல்லாத மூளை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து பிறந்தது. அதில் நிரப்ப வேண்டியது ஒரே ஒரு கட்டம். நிரப்பாமல் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன். கோழைகளுக்கு இலக்கியம் வசதியான இடம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "என் மனைவி இறந்த அன்று வானம்

வேண்டாம். வானத்துக்கு அதில் வேலை இல்லை.

2

மறுபடி. நான் மூளை சீவுபவன். உறையவைத்த மூளையை முடியளவு மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது ஆய்வுக்கூடத்தில் என் வேலை. இப்போதையது, விலங்குக் காட்சிசாலையில் வயதாகி இறந்த ஒரு குரங்கின் மூளை. அதில் எங்களுக்கு வேண்டியது இன்சுலா.

நெற்றிப் பக்க மடலும் பொட்டுப் பக்க மடலும் மூடிபோலக் கவிந்திருக்க, அடியில் ஒளிந்திருக்கும் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, அது. குரங்கு, மனிதக் குரங்கு, நாம், எல்லோருக்கும் உண்டு. பின்பகுதி வலி, சூடு, இதயத்துடிப்பு என்று உடம்பின் சேதிகளை வாங்குகிறது. முன்பகுதி அவற்றை 'எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது' என்று ஆக்குகிறது. சுவைக்கும் அருவருப்புக்கும் அங்கே இடம் உண்டு.

(பேராசிரியர் இதையே ஒன்றரை மணி நேரம் சொல்வார்.)

3

அறுக்கும் முன் இடப் பாதியில் ஊசியால் ஒரு துளை போட வேண்டும். திரவத்தில் மிதக்கும் சீவல்கள் புரண்டுகொள்ளும். துளையை வைத்துத்தான் இடம் வலம் தெரியும். மனைவி இறந்த பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பினேன். துளை போட மறந்தேன். சீவல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஒரே வாக்கில் அடுக்கிவிட்டேன். எது இடப் பக்கம் என்பது குரங்குக்குத்தான் தெரியும். குத்துமதிப்பாக ஒரு பாதிக்கு 'இடது' என்று எழுதினேன்.

அதன்மேல் ஆய்வு மாணவி ஏழு மாதம் குனிந்து உட்கார்ந்து செல்களை எண்ணினாள். வலது இன்சுலாவில் அதிகம் என்று வந்தது. பேராசிரியர் துள்ளினார். ஒரு குரங்கு, ஒரு குத்துமதிப்பு. முடிவு மட்டும் குரங்கினம் முழுவதற்கும், நமக்கும் சேர்த்து.

4

அக்காவைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். துக்கக்காரன் கதையில் சாப்பாடு கொண்டுவரும் அக்கா அரதப்பழசு. ஆனால் அவள் நிஜமாகவே வந்தாள்.

"சாப்பாடு எப்படிடா இருக்கு?"

"சரியா இருக்கு."

"உப்பு?"

"சரி."

"உப்பே போடல. நாலு நாளா போடல. நீ எப்பதான் கேப்பேன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"உடம்புக்கு நல்லதுதானே."

"உங்க மாமா முதல் வாயிலயே தட்டைத் தள்ளிட்டாரு. நீ மரக்கட்டையாட்டம் முழுங்கற."*

* உப்பை அறியும் இடமும் இன்சுலாதான். என்னுடையதை யாரும் சீவிப் பார்க்கவில்லை.

5

இன்று காலை மாணவி படிவத்தோடு வந்தாள். திங்கட்கிழமை அவளுக்கு வாய்மொழித் தேர்வு.

"அண்ணா, 'பக்கத் துளை சரிபார்க்கப்பட்டது'ங்கிற இடத்துல ஒரு டிக். கீழ கையெழுத்து. அவ்ளோதான்."

"துளையை நீ பாத்தியா?"

"உங்க வேலையப் போய் நான் சரிபாக்கறதா? உலகமே புரண்டாலும் இவன் சீவல் புரளாதுன்னு சார் சொல்வாரு."

"சார் சொல்றதெல்லாம்..."

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல. மத்தியானம் வா."

6

முடிவு அ: டிக் போடுகிறேன். அவள் முனைவர். என் குத்துமதிப்பு சரியாக இருக்கவும் பாதி வாய்ப்பு உண்டு. பல உண்மைகள் இதைவிடக் குறைந்த பலத்தில் நிற்கின்றன.

முடிவு ஆ: சொல்லிவிடுகிறேன். அவளுடைய ஏழு மாதம் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. "பாவம், துக்கத்துல மறந்துட்டான்" என்று என்னை மன்னிக்கிறார்கள். அதுதான் தாங்காது. செத்தவளைச் சாக்காக நீட்டியதுபோல் ஆகும்.

முடிவு இ: பேனாவை எடுத்ததும் வயிற்றைப் புரட்டுகிறது. எட்டு மாதத்தில் உடம்பு எதையாவது சொல்வது இதுவே முதல்முறை.

(அழகாக வந்துவிட்டது. சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன். வயிறு மட்டும் இன்னும் புரட்டிக்கொண்டிருக்கிறது.)

7

மத்தியானமாகிவிட்டது. மேஜையில் இந்தக் கதையின் தாள்கள், பக்கத்தில் படிவம். கதவு தட்டப்படுகிறது.

"அண்ணா, முடிச்சிட்டீங்களா?"

இந்தத் தாள்களையா, டிக் போட்டுப் படிவத்தையா, இரண்டில் ஒன்றைத்தான் அவளிடம் கொடுக்க முடியும். துளை இல்லை என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். எழுந்து போய்க் கொடுங்கள்.