செங்கல் வைத்த கட்டில்கள்

தேர்தலுக்குப் பதினோரு நாள் இருக்கையில், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, தையற்காரியின் வீடு மேற்கே ஒரு சாண் சாய்ந்தது. நூல்கண்டு உருண்டது, வாசலின் கீழ்ப்படி உடைந்தது. அவள் மெஷினை நிறுத்தவில்லை. இந்த முறை கிழக்குக் கட்சிக்கு ஓட்டு இல்லை என்று ஒரு நிமிடம் முன்புதான் முடிவு செய்திருந்தாள்.

எங்கள் தெருவின் கிழக்கு முனையில் ஒரு கட்சி அலுவலகம், மேற்கு முனையில் இன்னொன்று. மூன்று தலைமுறையாக எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கிழக்குக்கே குத்தினோம். எல்லா வீட்டிலும் கட்டிலின் கிழக்குக் கால்களுக்கு அடியில் செங்கல் இருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இருபது வருடமாகக் குழாயில் காற்றுதான் வந்தது, அதையும் கேட்டதில்லை.

கிழக்குக் கட்சியின் தெருச் செயலாளர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். கொத்தனாரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

“என் மானத்த வாங்கிட்டியே! வீட்ட நிமித்து. இல்லேன்னா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்.”

“நீங்க வரலேன்னா அழுவேண்ணே. ஆனா ஓட்டு மாறாது. தண்ணி வரலயே.”

கொத்தனார் சுவரில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். எதிர்வீடு, பக்கத்து வீடு, அண்ணன் வீடு என்று எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“இது சாயலைங்க. இதுதான் நேரா நிக்குது. சாஞ்சு கெடக்குறது நாமதான்.”

அண்ணன் வாசலைவிட்டு இறங்கிப் போய்விட்டார். தையற்காரி அன்று அழுதுகொண்டே மூன்று ரவிக்கை தைத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்த செங்கற்களை உருவி வெளியே போட்டாள்.

வாக்குப்பதிவுக்குள் முப்பத்தொரு வீடுகள் சொடக்குப் போடும் சத்தத்துடன் நிமிர்ந்தன. மேற்குக் கட்சி ஜெயித்தது. ஜெயித்தவர் மாலையோடு வந்து, வீடுகள் தன் பக்கம் சாயுமா என்று அரைநாள் காத்திருந்தார். ஒன்றும் அசையவில்லை. மூன்றாம் மாதம் குழாயில் தண்ணீர் வந்தது. இப்போதெல்லாம் இரண்டு கட்சிக்காரர்களும் பையில் ரசமட்டத்தோடுதான் ஓட்டுக் கேட்க வருகிறார்கள். எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் குழாயைத் திறந்து பார்க்கிறார்கள். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான்.

அண்ணன் மட்டும் ஐந்து வருடம் வீம்பு பிடித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீடும் சொடக்குப் போட்டது. கையில் இரண்டு செங்கல்லோடு தங்கை வாசலில் வந்து நின்றார்.

“நான் இன்னும் கிழக்குதான். ஆனா இந்தத் தடவ என்ன செஞ்சீங்கன்னு கேட்டுட்டுதான் ஓட்டு போடுவேன்.”

“சரிண்ணே. உள்ள வாங்க.”

உடைந்த படியின் இடத்தில் செங்கற்களை வைத்து, அவற்றை மிதித்து உள்ளே போனார்.