பொன்னுரங்கத்தின் அரை ஸ்வெட்டர்

1

இந்தக் கதை எனக்கு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பது கெட்ட பழக்கம்தான். கதை எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டால் யாரும் கேட்பதில்லை.

கல்வராயன் மலையில் பனி இறங்கத் தொடங்கிய ஒரு

வேண்டாம். வடக்கனந்தலில் ஃபேனுக்கு அடியில் வேர்த்துக்கொண்டு எழுதுகிறவளுக்குப் பனியோடு என்ன வேலை? பக்கத்து வீட்டு ராதிகாவிலிருந்து தொடங்குகிறேன். கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் பகலெல்லாம் நின்றுவிட்டு, வீங்கிய காலோடு பஸ் இறங்கி வருவாள். உலை வைப்பதற்கு முன்பே ஊசிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இந்த வெயிலில் ஸ்வெட்டர் பின்னுகிற குடும்பம் தெருவில் அது ஒன்றுதான்.

2

ஆரம்பித்து வைத்தவர் அவளுடைய அப்பா பொன்னுரங்கம். சர்க்கரை ஆலையில் வாட்ச்மேன். அந்த முறுக்கு மீசைக்கு யார் பின்னக் கற்றுக்கொடுத்தது? (மூன்று காரணம் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு டீச்சர் வந்தார். ராதிகாவின் முகத்தை நினைத்து அதை அடித்துவிட்டேன்.)

அவர் இருந்தவரை ராதிகா ஊசியைத் தொட்டதில்லை. அப்பா பின்னுவதே அவளுக்கு வெட்கக்கேடு. அவர் போன பிறகு, பெட்டியில் ஊசியோடு கிடந்த அரை ஸ்வெட்டரை விரலால் தடவித் தடவித்தான் கற்றுக்கொண்டாள். பிறகு நிறுத்த முடியவில்லை. மகள் அபிநயாவுக்கும் தொற்றிக்கொண்டது. அந்த அரை ஸ்வெட்டர் மட்டும், அபிநயா பால்வாடிக்குப் போன காலத்து அளவில், அப்படியே இருக்கிறது.

3

அபிநயாவுக்கு இப்போது மலைமேல் வெள்ளிமலையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது; இன்னும் கிளம்பவில்லை. தாத்தா பின்னியதைப் பிரித்து, புது நூலும் சேர்த்துத் தனக்கு ஒன்று பின்னித் தரக் கேட்டாள். புது நூலிலேயே முழுதாகப் பின்னுகிறேன் என்றாள் ராதிகா. பிரித்துவிட்டால் அப்பாவின் கை போட்ட கண்ணி ஒன்றுகூட மிஞ்சாதே.

"பொட்டியிலயே கெடந்தா யாருக்கும்மா குளுரு வுடும்?" என்றாள் அபிநயா.

அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. (நடுச்சுவர் மெல்லியது. எனக்குத் தெரியும்.)

4

முடிவு ஒன்று: பிரிக்கிறாள், அழுகிறாள்.

முடிவு இரண்டு: பிரிக்கவில்லை. மகள் கடையில் வாங்கிய ஸ்வெட்டரோடு மலையேறுகிறாள். போன் வருவது கம்மியாகிறது.

முடிவு மூன்று: ஒரு நாள் ராதிகா

அதற்குள் ராதிகாவே வந்துவிட்டாள், அந்த அரை ஸ்வெட்டரும் கையுமாக.

"எங்களப் பத்திதான எழுதிக்கினு கீறீங்க? எழுதுனது போதும்க்கா. கைய நீட்டுங்க."

பிரிக்கிற நூல் சிக்காமலிருக்க யாராவது இரண்டு கையிலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மகளைக் கூப்பிட மனசு வரவில்லையாம். கதை எழுதுகிறவள் நடுவில் வரக் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"எழுதறவங்களுக்குக் கை கெடையாதா இன்னா?"

நீட்டினேன். ஊசியை உருவினாள். நூலின் முனையை என் கட்டைவிரலில் சுற்றினாள். அத்தோடு நின்றுவிட்டாள்.

"இழுக்கட்டுமாக்கா?"

இழு என்றோ வேண்டாம் என்றோ யாராவது சொன்னால் போதும் என்கிற அலுப்பு அந்தக் குரலில்.

என் இரண்டு கைக்கும் ஒழிவில்லை. பேனா தரையில் கிடக்கிறது. எடுத்து முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். ஊசி உருவிய கண்ணிகள் பிரியாமல் அதிக நேரம் நிற்காது.