தண்ணி பாத்தாச்சா?

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல, காதில் விழுந்தது. என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு ஒரு பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு பெண் குரல் கேட்டது: "தண்ணி பாத்தாச்சா?" ஓர் ஆண் குரல் பதில் சொன்னது: "பாத்தாச்சு." அவ்வளவுதான். யார் பார்த்தது? கேட்டவளும் சொல்லவில்லை, பதில் சொன்னவனும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அது என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. கீழே வரும் மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ரேடியேட்டர் என்பது எஞ்சினின் சூட்டைத் தண்ணீர் வழியாக வாங்கிக் காற்றில் விடும் ஒரு —"

பாடப்புத்தக வாடை. அடித்துவிட்டேன்.

அடுத்தது: "கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் அந்தப் பட்டறையில் —"

இதுவும் சரிப்படவில்லை. கணவனும் மனைவியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மொட்டையாகப் பேசிக்கொள்வது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். [என் வீட்டைப் பற்றிக் கேட்காதீர்கள்.]

கடைசியில் அக்கா தம்பி என்று வைத்தேன். இருவருமே கைதேர்ந்த மெக்கானிக்குகள். பட்டறையில் இருவருக்கும் பாதிப் பாதி உரிமை. இது நிற்கும் என்று தோன்றுகிறது, பார்ப்போம்.

3

அக்காவுக்குத் தம்பிமேல் கோபம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நகரத்தில், ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அதை அவன் வாயால் அவள் கேட்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்தான் பிஸ்டன் ரிங்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "தம்பி போறானாமே, தனியா சமாளிச்சிருவியாம்மா?" என்று கேட்டார். அவள் எல்லாம் தெரிந்தவள்போலச் சிரித்து மழுப்பிவிட்டுத் திரும்பினாள். வருகிற வழியெல்லாம் அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அன்றிலிருந்து அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் ஒரே கூரையின்கீழ் இரண்டு பேர் எஞ்சின் இறக்கும்போது வாயைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? அதற்குத் தமிழில் ஒரு வசதி இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?" "செயின் மாட்டியாச்சா?" "ஷட்டர் பூட்டியாச்சு." நீ வேண்டாம், டா வேண்டாம், அக்கா வேண்டாம். வேலையும் நடக்கும், கோபமும் கெட்டுப்போகாமல் இருக்கும்.

நாளைக் காலை அவன் கிளம்ப வேண்டும். தன் பைக்கிலேயே மலை ஏறிப் போவதாகத் திட்டம். அந்த பைக்தான் இப்போது கொதிக்கிறது. கடைத்தெருவரை போய்த் திரும்புவதற்குள் சூடு காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிடுகிறது. இந்த நிலையில் மலை ஏறினால் பாதி வழியில் எஞ்சின் இறுகிவிடும் என்பது இருவருக்குமே தெரியும்.

4

"நிக்கும்போதா, ஓடும்போதா?" என்று அக்கா பைக்கைப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டுலயும்," என்று தம்பியும் பைக்கைப் பார்த்தே சொன்னான்.

நிற்கும்போது மட்டும் சூடேறினால் ஃபேன்மேல் சந்தேகப்படலாம். இருந்தாலும் அவன் ஃபேன் ஒயரைக் கழற்றி நேரடியாக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தான். நன்றாகவே சுற்றியது. ரேடியேட்டர் இடுக்குகளில் அடைத்திருந்த சேற்றையும் பூச்சிகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான். அப்படியும் ஊசி ஏறியது. அவள் ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டாள், கை பொரிந்தது. கீழ்க் குழாய் சில்லென்று இருந்தது.

"காலைல தண்ணி பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

அப்படியானால் தெர்மோஸ்டாட்தான். சூடேறியதும் திறந்து தண்ணீருக்கு வழிவிட வேண்டிய அந்தச் சின்ன வால்வு மூடியே கிடக்கிறது. நியாயமான முடிவு. தவறான முடிவும்கூட.

* அடிக்குறிப்பு போல ஒன்று. ரேடியேட்டரின் தலையில் ஒரு மூடி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. தண்ணீர் சூடேறி விரிந்தால் மிச்சம் மூடி வழியாக டப்பாவுக்குப் போகும், ஆறினால் திரும்பி வரும். மூடியின் ரப்பர் கெட்டால் போனது போனதுதான். டப்பா நிறைந்து நிற்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். இந்த இடத்தில் குடும்பங்களைப் பற்றி ஓர் உவமை எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதப்போவதில்லை. மூடி மூடியாகவே இருக்கட்டும்.

5

பாதி எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன்.

"ரெண்டு பேரும் மெக்கானிக்குன்னு எழுதியிருக்கீங்க. மூடியத் திறந்து பாக்கத் தெரியாதா அவங்களுக்கு?" என்றாள் மனைவி.

"தெரியும். தெரிஞ்சதாலதான் பாக்கல."

"ஒண்ணும் புரியல. கதைல அதையும் சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். எஞ்சின் ஆறிக் கிடக்கும் காலையில்தான் திறந்து பார்க்க வேண்டும். அந்தப் பட்டறையில் அது எப்போதும் அக்காவின் வேலை. ஷட்டரைத் திறந்ததும் நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவாள். தம்பி பிறகு வந்து டப்பாவை மட்டும் எட்டிப் பார்ப்பான். ஆகவே அவன் "பாத்தாச்சு" என்றதற்கு அர்த்தம், டப்பாவை நான் பார்த்தேன், மூடியை நீ பார்த்திருப்பாய் என்பது. அவள் காதில் விழுந்ததோ, எல்லாவற்றையும் அவனே பார்த்துவிட்டான் என்பது. ஏனென்றால் இந்தக் கோபம் தொடங்கிய நாளிலிருந்து அவள் எல்லா வண்டியையும் பார்த்தாள், அவன் வண்டியை மட்டும் தொடவில்லை.

இங்கேதான் எனக்கு இந்தக் கதையின் அக்காமேல் சந்தேகம் வந்தது. வண்டி கொதித்துக்கொண்டே இருந்தால் அவன் போக முடியாது, இல்லையா? இப்படி எழுதிப் பார்த்தேன்: "அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டே அவள் —"

இல்லை. தெரிந்தே ஒரு எஞ்சினைக் கெடவிடுகிற ஆளில்லை அவள். ஆனால் வேண்டுமென்றே செய்யவில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னால் கொஞ்சம் தயங்குவாள். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால் அதை அப்படியே விட்டு வைக்கிறேன்.

6

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் உள்ளே இருக்கும் தண்ணீரை இறக்க வேண்டும். எஞ்சின் ஆறும்வரை இருவரும் ஆளுக்கொரு மூலையில் வேறு வேலை பார்த்தார்கள். பிறகு தம்பி கீழே பழைய பேசின் ஒன்றை வைத்துவிட்டு, காற்று போக வழிவேண்டுமே என்று மேல் மூடியைத் திருகினான்.

திருகியவன் அப்படியே நின்றுவிட்டான். டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தான்.

"அக்கா," என்றான். "இங்க வாயேன்."

அந்தச் சொல்லைக் கேட்டுப் பல நாளாகியிருந்தது. அவள் கையைத் துடைக்காமலே வந்து குனிந்தாள். உள்ளே வெறும் தகடுதான் மின்னியது. தண்ணீர் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் இல்லை.

"பாத்தாச்சுன்னு சொன்னியே?"

"டப்பாவப் பாத்தேன். மூடிய நீதான எப்பவும் காலைல பாப்ப?"

"உன் வண்டிய நான் தொடவே இல்லடா."

"ஏன்?"

அவள் மூடியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ரப்பர் வளையம் காய்ந்து, விரல் பட்டதும் பிய்ந்து வந்தது. அலமாரியிலிருந்து புது மூடியை எடுத்துவந்தாள். அவன் கூலன்ட் கலந்த தண்ணீரை ஊற்ற ஊற்ற, அவள் குழாயை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினாள். குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றினார்கள். தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. பாவம், வீண்பழி.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

ஒன்று: அவன் காலையில் கிளம்புகிறான், மலை உச்சியில் நின்று போன் செய்கிறான், ஊசி நடுவிலேயே நிற்கிறது. இது பைக் விளம்பரம்.

மற்றது: அவன் பெட்டியை அவிழ்த்துவிட்டுப் பட்டறையிலேயே தங்கிவிடுகிறான். எழுதிய உடனே எனக்கே கூச்சமாகிவிட்டது. கிடைத்த வேலையை அவன் எதற்காக விடவேண்டும்?

அதனால் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன். மூடியைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டார்கள். ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கி, ஊசி இறங்கினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ போறதுல எனக்கு ஒண்ணுமில்லடா," என்றாள் அக்கா. "நல்ல வேலை, போ. ஆனா அத ஊரான் சொல்லித் தெரிஞ்சுக்கிட்டேன் பாரு, அதான் தாங்கல. ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

தம்பி ஆக்ஸிலேட்டரை லேசாக முறுக்கி விட்டான். "சொன்னா அழுவேன்னுதான்."

வாசகரே, இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நீ அழுவாய் என்று பயந்தானா, நான் அழுதுவிடுவேன் என்று பயந்தானா? பேச்சுத் தமிழில் இரண்டும் ஒரே ஓசைதான். நான் வேண்டுமென்று செய்யவில்லை, அவன் வாயில் அப்படித்தான் வந்தது. முதலாவது என்றால் அவள், "என்னப் பாத்தா அழுமூஞ்சியாத் தெரியுதா?" என்று முதுகில் ஒரு போடு போடுவாள். மற்றது என்றால் அவன் தலையைக் கோதிவிடுவாள். எது என்று தெரியாமல் என்னால் அடுத்த வரியை எழுத முடியவில்லை.

"யாரு?" என்று கேட்டுவிட்டு அவள் அவன் முகத்தையே பார்க்கிறாள். ஊசி பாதியைத் தாண்டிவிட்டது. என்ன சொல்லட்டும் என்று கேட்பதுபோல அவன் உங்கள் பக்கம் திரும்புகிறான்.