பதினோரு சாவி

என் வீட்டுக்காரர் குருமூர்த்தி எந்தச் சாவியையும் யாரிடமும் கொடுத்து வைக்கிற ஆள் இல்லை. வாசல் கதவு, பீரோ, மோட்டார் ரூம், கோழிப்பண்ணை கேட் என்று பதினோரு சாவி ஒரே வளையத்தில் கிடக்கும். கார் சாவியும் அதில்தான். கார் ஓடும்போது கொத்து மொத்தமும் தொங்கி ஆடும். "இந்தக் கனத்துக்கு ஒரு நாளைக்கு ஒடியப் போவுதுங்க" என்று எட்டு மாதத்துக்கு முன்பே சொன்னேன். என் பேச்சு எந்தக் காலத்தில் எடுபட்டது?

போன ஞாயிற்றுக்கிழமை ஒடிந்தது. அதுவும் நாமக்கல் போகிற வழியில்.

மகள் ஜெயப்பிரியா அங்கே ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது படிக்கிறாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, அதுவும் மதியம் ஒரு மணி வரைதான் பார்க்க விடுவார்கள். புதன்கிழமை வார்டன் போனிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, இந்த வாட்டி கட்டாயம் வந்துரு. ஒண்ணு சொல்லோணும்" என்றாள். குரல் உடைந்தது, போனும் கட்டாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இவர் என்னடாவென்றால் திருச்செங்கோடு தாண்டி, டீ குடித்தே ஆக வேண்டும் என்று வண்டியை நிறுத்தினார். மணி பதினொன்று. நிதானமாகக் குடித்துவிட்டு வந்து சாவியைத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். கொத்து அவர் கையில், கார் சாவியின் பாதி உள்ளே.

"ஏனுங்க, பஸ்ஸுல போயிரலாமுங்க" என்றேன்.

"கம்முனு இரு புள்ள. அஞ்சு நிமிஷம்."

கொத்தை என் மடியில் வீசினார். நான் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். டீக்கடையில் ஊக்கு வாங்கிக் குத்தினார். துண்டு இன்னும் உள்ளே போனது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் சேந்தமங்கலத்தில் கல்யாண வீட்டில் இருந்தார், மூன்று மணிக்கு வருவாராம். இதற்குள் ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அடுத்து பெட்டிக்கடையில் பசை வாங்கி வந்தார். குச்சி நுனியில் தடவி உள்ளே விட்டால் துண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம்.

"வேண்டாமுங்க. குச்சியும் உள்ளயே ஒட்டிக்கும்."

"உனக்கென்ன தெரியும்?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. குச்சி ஒட்டி, அதுவும் ஒடிந்தது.

மணி பன்னிரண்டாகப் போகும்போது அடுத்த பஸ் தூரத்தில் தெரிந்தது. சாப்பாட்டுத் தூக்கையும் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"எங்க போற? வண்டிய உட்டுட்டு நான் எப்படி வர்றது?"

"நீங்க வண்டியோட இருங்க. நான் புள்ளகிட்டப் போறேன்."

இருபது வருஷத்தில் அவரை எதிர்த்து நான் ஒரு அடி எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

ஹாஸ்டலுக்குள் நுழையும்போது ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மரத்தடியில் தனியாக நின்றிருந்த பிரியா, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா?"

"வரல சாமி. வண்டி ரிப்பேரு."

அவ்வளவுதான், என் மேல் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "நாலு மாசமாச் சொல்லோணும்னு இருக்கறேன். அவரு பக்கத்துலயே உக்காந்துட்டு மார்க்கு எவ்வளவுன்னே கேக்கறாரு. என்னால இங்க முடியலம்மா. தூக்கமே வர்றதில்ல. ஊட்டுல இருந்தே பள்ளிக்கூடம் போறேன். கூட்டிட்டுப் போயிரு."

அவர் நாலு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், சரி. எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் எங்கே போயிற்று?

"அப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று வாய்வரை வந்துவிட்டது. பழக்கதோஷம். போனைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். சாவிக்கொத்துதான் கையில் வந்தது. பத்து முழுசு, ஒன்று அரை.

"துணிமணியெல்லாம் எடுத்துட்டு வா சாமி. வார்டன்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்பா என்ன சொல்லுவாரு?"

"என்ன வேணாச் சொல்லட்டும். ஊட்டுச் சாவி என்கிட்ட இருக்குது."