வால்நட் இல்லாத கிண்ணம்

நெவேனாவும் ராஸ்ட்கோவும் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டபோது பக்கத்தில் சாட்சியாக நின்றவள் நான். எங்கள் பக்கம் அப்படி நின்றவளைக் கூமா என்று அழைப்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போகிற வேலை இல்லை அது. பிறக்கிற குழந்தைக்கு ஞானத்தாயும் கூமாதான். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் சமாதானம் பேச வேண்டியவளும் அவள்தான். சமாதானம் ஆகாவிட்டால் இரண்டு பக்கமும் திட்டு வாங்க வேண்டியவளும் அவளே. நான் மூன்றையும் குறைவில்லாமல் செய்திருக்கிறேன்.

விவாகரத்து சத்தமில்லாமல் முடிந்துவிட்டது. ஆறு வயது துன்யா யாரிடம் வளர்வது என்று வந்தபோதுதான் வால்யேவோ ஊர் இரண்டாகப் பிரிந்தது. நெவேனா, பேக்கரிக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டில் துன்யாவோடு இருந்தாள். பெண் தன்னோடுதான் இருக்க வேண்டும் என்று ராஸ்ட்கோ வழக்குப் போட்டான். அவன் கெட்டவன் இல்லை. தச்சுப் பட்டறை வைத்திருக்கிறான், குடி அளவோடுதான், பெண்ணின் மேல் உயிர். ஆனால் நான்கு பேர் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், தன் உயரத்தைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்பான்.

அந்த ஒரு முழத்தை இரண்டு முழமாக்கியவர் அவனுடைய வக்கீல், சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய டாக்டர் திஹோமிர். சாயங்காலத் தொலைக்காட்சி விவாதங்களில் வருவார். அவருடைய விசிட்டிங் கார்டு நெவேனா வீட்டுக் கதவைவிடக் கொஞ்சம் கனமானது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிடலாம். அவர் எழுதிய மனு, ராஸ்ட்கோவின் கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா மலையிலிருந்து இறங்கி வந்ததில் தொடங்கியது. பிறகு இரண்டு மாடி வீடு வந்தது, அதன் கிழக்குச் சுவரில் இருக்கும் புனித நிக்கோலாவின் படம் வந்தது, குடும்பத்தின் ஸ்லாவா வந்தது. ஸ்லாவா என்றால் ஒவ்வொரு குடும்பமும் தன் புனிதரைக் கொண்டாடும் நாள்; அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. தாய் அந்தப் பெண்ணை ஸ்லாவாவுக்கு அனுப்ப மாட்டாள், அவளை வேரிலிருந்து வெட்டிவிடுவாள் என்று மனு அடித்துச் சொன்னது. துன்யா கடைசிப் பக்கத்தில் வந்தாள். அங்கேயும் பெயர் இல்லை, ‘மேற்படி சிறுமி’ என்று இருந்தது.

நெவேனாவின் அண்ணன் க்வோஸ்டென் டயர் கடைக்காரன். சட்டம் அனைத்தும் அவனுக்குத் தெரியும். எல்லாம் தொலைக்காட்சியில் படித்தது. பெல்கிரேடிலிருந்து இன்னும் பெரிய மீசை உள்ள வக்கீலைக் கொண்டுவர வேண்டும் என்றான். நெவேனா கேட்கவில்லை. நகராட்சிக் கட்டடத்தில் இலவச சட்ட உதவி அறைக்குப் போனாள். துணைக்கு நானும், காவலுக்கு க்வோஸ்டெனும் போனோம்.

நாய்களுக்கு உரிமம் கொடுக்கிற அறைக்கு அடுத்த அறை அது. உள்ளே ஸாகோர்கா என்ற வக்கீலம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டிய வயது, காலில் வீட்டுச் செருப்பு. கோர்ட்டுக்குப் போகிற குதிகால் செருப்பை மேசைக்கு அடியில் ஒரு பையில் வைத்திருந்தார். கோர்ட் வாசலில் போட்டு, கோர்ட் வாசலில் கழற்றுவாராம். க்வோஸ்டென் அந்த வீட்டுச் செருப்பைப் பார்த்ததுமே வழக்கு தோற்றுவிட்டது என்று முடிவு செய்துவிட்டான்.

நெவேனா ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ராஸ்ட்கோவின் குற்றங்களையெல்லாம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஸாகோர்கா பொறுமையாகப் படித்தார். பக்கத்து அறையில் ஏதோ நாய் குரைத்தது. படித்து முடித்ததும் காகிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. கோபம் வந்தா எனக்கும் இப்படி எழுத வராது. ஆனா இதுல துன்யா எங்கேம்மா?”

நெவேனா காகிதத்தைப் பிரித்து மறுபடி தேடினாள். டாக்டர் திஹோமிரின் மனுவில் துன்யா கடைசிப் பக்கத்திலாவது இருந்தாள். எங்கள் காகிதத்தில் அவள் இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு ஸாகோர்கா ராஸ்ட்கோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துன்யாவுக்கு ஒரு சாதாரண நாள் எப்படிப் போகும் என்று கேட்டார். காலையில் யார் எழுப்புவது, எழுப்பினால் அழுவாளா, சாக்ஸ் தையல் குத்துகிறது என்று அடம் பிடித்தால் என்ன செய்வீர்கள், யாரோடு விளையாடுவாள், எதைக் கண்டால் பயம், என்ன சாப்பிட மாட்டாள். நெவேனா சொல்லச் சொல்ல, அவள் குரலில் இருந்த சண்டை மெல்ல இறங்கியது. வால்நட் பட்டால் உதடு வீங்கி மூச்சு இழுக்கும் என்று சொன்ன இடத்தில் மட்டும் ஸாகோர்கா நிமிர்ந்தார்.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். மூணு வயசுல ஒரு தடவை அவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாரு.”

“அந்த வீட்டு ஸ்லாவா எப்போ?”

டிசம்பரில், புனித நிக்கோலா நாள். அடுத்த வாரம்தான். ஸாகோர்கா தலையைச் சாய்த்து யோசித்தார். பிறகு, வெகு சாதாரணமாக, துன்யாவைக் கூட்டிக்கொண்டு நெவேனா அந்த ஸ்லாவாவுக்குப் போக வேண்டும் என்றார்.

க்வோஸ்டென் எழுந்தே நின்றுவிட்டான். எதிரி வீட்டுக்கு நாமே பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுப்பதா, திருப்பித் தராவிட்டால் என்ன செய்வது, இது எந்த ஊர் சட்டம் என்று பொரிந்தான். எனக்கும் அதே பயம்தான். கூமா என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஸ்லாவாவுக்கு யாரையும் அழைக்கும் வழக்கம் இல்லை, வந்தவரைப் போகச் சொல்லும் வழக்கமும் இல்லை என்று ஸாகோர்கா எங்களுக்கே நினைவூட்டினார். அந்த நாளில் வாசலில் வந்து நிற்பது விவாகரத்தான பெண்டாட்டியே ஆனாலும் நாற்காலி போட்டே ஆக வேண்டும். பெண்ணுக்கு அப்பா வீட்டு ஸ்லாவா வேண்டும். அது அவளுடைய நாள். திஹோமிருக்கு வேண்டியது அவள் வராமல் இருப்பதுதான்.

அப்போதுதான் க்வோஸ்டெனுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. ஸ்லாவா வீட்டில் நுழைகிற எல்லோரும் முதலில் ஒரு கரண்டி இனிப்புக் கோதுமை சாப்பிட வேண்டும். கோதுமையை அவித்து அரைத்து, அதே அளவு வால்நட்டும் சர்க்கரையும் சேர்ப்பது. வேண்டாம் என்றால் அந்த வீட்டை அவமதித்ததாக அர்த்தம்.

“அப்ப நான் ஃபோனோட மூலையில நிக்கறேன்,” என்றான் க்வோஸ்டென். “அவன் மறந்துடுவான். பெருமையில எல்லாத்தையும் மறக்கறவன் அவன். கரண்டி அவ வாய்க்கிட்ட போற நேரத்துல பிடிச்சிடறேன், படமும் எடுத்துடறேன். கேஸ் முடிஞ்சிது.”

வெட்கத்தோடுதான் சொல்கிறேன், யோசனை மோசமில்லை என்றே எனக்குப் பட்டது.

ஸாகோர்கா அவனை நிதானமாகப் பார்த்தார். “தம்பி, டயர் பஞ்சரா இல்லையான்னு பாக்க நீங்க ஆணி மேல ஓட்டிப் பாப்பீங்களா?” பிறகு நெவேனாவிடம் திரும்பினார். “துன்யாவுக்காகத்தான் கேஸு. கேஸுக்காக துன்யா இல்ல. வால்நட் போடாம தனியா ஒரு கிண்ணம் செஞ்சு எடுத்துட்டுப் போங்க. வாசல்லயே அவர் கையில குடுத்துடுங்க. யாருக்கும் தெரிய வேணாம்.”

அன்றைக்கு நாங்கள் போனோம். வீட்டுக்காரன் ஸ்லாவா நாள் முழுக்க உட்காரக் கூடாது. நின்றுகொண்டே பரிமாற வேண்டும். ராஸ்ட்கோ வெள்ளைச் சட்டையில், தோளில் துண்டோடு, கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தாவே நேரில் வந்து நிற்பதுபோல நின்றான். நோன்புக் காலம் என்பதால் மேசையில் இறைச்சி இல்லை. கெண்டை மீனும் அவரைக்கொட்டையும் முட்டைக்கோஸும் நிரம்பியிருந்தன. மேசையின் தலைமாட்டில் டாக்டர் திஹோமிர். எங்களைப் பார்த்ததும், ஒரு நல்ல குற்றச்சாட்டு கைநழுவிப் போனவரின் முகம் அவருக்கு.

நெவேனா வாசலிலேயே கிண்ணத்தை ராஸ்ட்கோவிடம் நீட்டினாள். “இது துன்யாவுக்கு. இதுல அது இல்ல,” என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். அவன் முகம் ஒரு கணம் வெளுத்தது. கையில் ஏற்கெனவே பெரிய கிண்ணமும் கரண்டியும் இருந்தன. முதல் கரண்டி மகளுக்குத்தான் என்று அவன் நினைத்திருந்தது அந்த வெளுப்பில் தெரிந்தது. பெரிய கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு இதை வாங்கிக்கொண்டான்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். ராஸ்ட்கோ சின்னக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்து, சபையே பார்க்கத் துன்யாவுக்கு ஊட்டினான். அவனுடைய அத்தை ஒருத்தி, குழந்தைக்கு ஆகாது என்று தனியாகச் செய்திருக்கிறான் பாருங்கள், இப்படி ஒரு அப்பன் கிடைப்பானா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேசை முழுவதும் ஆமோதித்தது. ராஸ்ட்கோ மறுக்கவில்லை. டாக்டர் திஹோமிர் உடனே எழுந்து, தந்தையின் கரங்களைப் புகழ்ந்து ஒரு வாழ்த்துரை சொன்னார். அது முடிவதற்குள் மீன் ஆறிவிட்டது. நெவேனா தட்டைப் பார்த்தபடி அவரைக்கொட்டையைச் சாப்பிட்டாள். துன்யா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மீதிக் கோதுமையையும் கேட்டாள்.

திரும்பி வரும் வழியில் க்வோஸ்டென் காரை ஓட்டியபடி, இலவச வக்கீலின் அருமையை இப்போது எல்லோரும் பார்த்தாயிற்று என்றான். எதிரிக்கு ஆயுதம் செய்து, இனிப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்றான். பின்சீட்டில் துன்யா தூங்கிக்கொண்டிருந்ததால் திட்டு கொஞ்சம் குறைவாக இருந்தது.

அவன் சொன்னதுதான் நடந்தது. விசாரணை நாளில் நான் சாட்சி சொல்லி முடித்ததும், எனக்கும் க்வோஸ்டெனுக்கும் நெவேனாவின் பக்கத்தில் ஓரமாக உட்கார அனுமதி கிடைத்தது. டாக்டர் திஹோமிர் எழுந்தார். ஸ்லாவா வீட்டின் கூட்டத்தை வர்ணித்தார், மெழுகுவத்தியை வர்ணித்தார், பிறகு கிண்ணத்துக்கு வந்தார். அத்தனை அலுவலுக்கிடையிலும் தன் கையாலேயே மகளுக்கென்று தனிக் கோதுமை அவித்த தந்தை என்றார். எந்தத் தாய் இதைவிடப் பெரிய அன்பைக் காட்ட முடியும் என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தார்.

நெவேனாவின் கை என் முழங்கையை நசுக்கியது. இந்தக் கிண்ணத்தில்தான் துன்யா கைவிட்டுப் போகப்போகிறாள் என்று அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது.

ஸாகோர்கா குதிகால் செருப்பில் எழுந்து நின்றார். கூட்டத்தைப் பற்றியும் கேட்கவில்லை, கொள்ளுத் தாத்தாவைப் பற்றியும் கேட்கவில்லை. ராஸ்ட்கோவைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரி விசாரிப்பதுபோலத்தான் கேட்டார்.

“அந்தக் கோதுமையை யாருங்க அவிச்சது?”

டாக்டர் திஹோமிர், அதுதான் சொல்லியாயிற்றே என்றார். நீதிபதியம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

எங்கள் ஊரில் ஆண்கள் எதைப் பற்றியும் பொய் சொல்வார்கள். பிடித்த மீனின் நீளம், பழைய கார் ஓடிய தூரம், ராணுவத்தில் இருந்தபோது செய்த வீரம், எல்லாம் பாதிதான் உண்மை. ஆனால் ‘என் ஸ்லாவா மேல சத்தியமா’ என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு பொய் வராது. இங்கே சத்தியம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. கேள்வியே ஸ்லாவாவைப் பற்றியது.

ராஸ்ட்கோ தன் வக்கீலைப் பார்த்தான். பிறகு தன் கைகளைப் பார்த்தான். அந்த ஒரு முழமும் மெல்லக் கீழே இறங்கியது.

“நான் அவிக்கல,” என்றான். “அவ கொண்டு வந்தா. வாசல்லயே என் கையில குடுத்தா. எனக்கு ஞாபகமே இல்ல. நான் பெரிய கிண்ணத்துலேர்ந்துதான் குடுக்க இருந்தேன்.” நீதிபதியம்மாவின் பக்கம் திரும்பினான். “அத்தனை பேர் முன்னாடி அவ என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். குடுக்கல. நான்தான் அதை என் பேருல வாங்கிக்கிட்டேன்.”

டாக்டர் திஹோமிர் ஒத்திவைப்புக் கேட்டார். அவருடைய வாழ்க்கையிலேயே மிகச் சின்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். ராஸ்ட்கோ வேண்டாம் என்று தலையசைத்தான். துன்யா அம்மாவோடு இருக்கட்டும், வாரக் கடைசியும் ஸ்லாவாவும் தனக்குப் போதும் என்று அவனே சொன்னான். வாரக் கடைசியோடு புதன்கிழமைச் சாயங்காலமும் சேர்க்கலாம், பெண்ணுக்கு அப்பா வேண்டும் என்று ஸாகோர்கா சொன்னார். இதைக் கேட்டு க்வோஸ்டெனுக்கு மட்டும் இல்லை, டாக்டர் திஹோமிருக்கும் மூச்சு நின்றது. கேட்காத சலுகையை எதிர்த்தரப்பு வக்கீலே கொடுப்பது அவர் தொழிலில் பார்க்காத காட்சி. நெவேனா சரி என்றாள். நீதிபதியம்மா எழுதச் சொன்னார்.

வெளியே நடைபாதையில் ஸாகோர்கா பெஞ்சில் உட்கார்ந்து குதிகால் செருப்பைக் கழற்றினார். க்வோஸ்டென் இப்போது வேறு மனிதன். வக்கீலம்மாவின் பையை அவனே பிடித்துக்கொண்டு நின்றான்.

“அவன் உண்மையைச் சொல்லுவான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லீங்களா வக்கீலம்மா?”

“தெரியாது.”

“பொய் சொல்லியிருந்தா?”

“வால்நட்டுக்குப் பதிலா என்ன போட்டீங்கன்னு கேட்டிருப்பேன்.” வீட்டுச் செருப்பில் காலை நுழைத்து, விரல்களை அசைத்துப் பார்த்துக்கொண்டார். “ஆனா அதைக் கேக்க வேண்டியிருந்தா எனக்குக் கஷ்டமா இருந்திருக்கும். அந்தப் பொண்ணுக்கு அவர்தானே அப்பா.”

படிக்கட்டின் பக்கம் ராஸ்ட்கோ தயங்கித் தயங்கி நெவேனாவிடம் வந்து நின்றான். க்வோஸ்டென் சட்டையின் கையை மடித்துக்கொண்டு அங்கே போகப் பார்த்தான். ஸாகோர்கா அவன் கையிலிருந்த பையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

ராஸ்ட்கோ தொண்டையைக் கனைத்தான். “வால்நட்டுக்குப் பதிலா என்ன போட்ட?”

“பிஸ்கட்டை வறுத்துப் பொடி பண்ணிப் போட்டேன்.”

“எவ்வளவு?”

நெவேனா கையைக் குவித்துக் காட்டினாள். அவன் தன் பெரிய கையை அதே மாதிரி குவித்துப் பார்த்தான்.

“உன் கை அளவு போடாதே,” என்றாள் அவள். “அதுல பாதி.”