ஒவ்வொரு என்ற சொல்

கள்ளக்குறிச்சியில் 'துணைக்கரம்' மையத்தின் முன்சுவரில் நீல எழுத்தில் ஒரு வாக்கியம் உண்டு: "மாவட்டத்தின் ஒவ்வொரு மாற்றுத்திறனாளிக்கும் அவர் வீட்டு வாசலிலேயே சேவை." மையம் தொடங்கிப் பத்து வருடம் ஆனதும், இந்த நோக்கம் நிறைவேறியதா என்று மதிப்பிட இரண்டு பேரை நியமித்தார்கள். ஒருவர் பிசியோதெரபிஸ்ட் அருள்மொழி. மற்றவர், பயனாளிகள் சார்பில் வடக்கனந்தல் கோகிலவாணி.

போலியோவில் சூம்பிய இடது காலில் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டி நடப்பவள் கோகிலவாணி. அந்தக் காலிப்பரை அளவெடுத்துச் செய்து கொடுத்ததே இந்த மையம்தான்.

இயக்குநர் இளஞ்செழியன், நோக்கம் நிறைவேறியது என்று அறிக்கையை முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருந்தார். "ஒரு கையெழுத்துதாம்மா. வாக்கியம் நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்குதுங்க சார். நெசமான்னு பாத்துட்டுப் போடறேன்."

மைய ஊழியர்கள் வீடுகளுக்குப் போய் வந்ததைக் குறித்த பதிவேடுகளைக் கேட்டு வாங்கி மூன்று நாள் படித்தாள். தியாகதுருகம், உளுந்தூர்பேட்டைப் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. கல்வராயன் மலைக்கு, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரே ஒரு வரி. "ஆயம்மாள், இரு கால்களும் செயலிழந்தவர். வீடு பூட்டியிருந்தது."

நடக்கவே முடியாதவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போயிருப்பார்? கோகிலவாணியால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

மறுநாள் காலை, கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினாள். இறங்கியபின் ஆயம்மாளின் ஊருக்கு இரண்டு கிலோமீட்டர் கல்லும் மேடுமான பாதை. பாதி தூரத்திலேயே காலிப்பரின் தோல்பட்டை தொடையை உரசிப் புண்ணாக்கிவிட்டது. உட்கார்ந்து, துணியை மடித்து உள்ளே செருகிக்கொண்டு மறுபடி நடந்தாள்.

ஆயம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். தரையில் உட்கார்ந்து கடுக்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். பதிவேட்டு வரியைக் கேட்டதும் சிரித்தாள்.

"பூட்டா? எங்க வூட்டுக்குக் கதவே போன வருசந்தான் வச்சோம், தங்கச்சி."

"அடையாள அட்டை வாங்கிட்டீங்களாக்கா?"

"ரெண்டு தபா கட்டில்ல தூக்கிக்கினு போனாங்க. கீழ போய்ச் சேர்றதுக்குள்ள அட்டை குடுக்கற முகாம் முடிஞ்சிடுச்சி."

கோகிலவாணிக்கு ஆத்திரம் பொங்கியது. "அந்த 'ஒவ்வொரு'ங்கற வார்த்தைய அழிக்கச் சொல்லிடறேங்க்கா. பொய்ய எதுக்கு எழுதி வைக்கணும்?"

கடுக்காய் உடைத்த கை நின்றது. "அழிச்சிட்டா நாங்க இன்னாத்தக் காட்டிக் கேக்கறது? அது இருக்கட்டும். அவுங்கள வரச் சொல்லு."

அறிக்கைக்காக மையத்தில் கூடிய கூட்டத்தில், மலையில் கண்டதையும் கேட்டதையும் கோகிலவாணி அப்படியே சொன்னாள். இளஞ்செழியன் முகம் சிவந்தது. "ஜீப்பு கெடயாது, ஆளு கம்மி. வேணும்னா 'இயன்றவரை'ன்னு ஒரு வார்த்த சேத்துக்கலாம்."

"வார்த்தைய மாத்தாதீங்க சார். வேலைய மாத்துங்க."

"கால்ல மாட்டியிருக்கியே, அத யாரு குடுத்ததுன்னு நெனச்சிப் பாரும்மா."

அவளுக்குக் காது மடல் சுட்டது. "நீங்கதான் சார் குடுத்தீங்க. அத மாட்டிக்கினுதான் மலை ஏறுனேன்."

அருள்மொழி அடித்து வைத்த அறிக்கையைக் குறுக்கே கிழித்துவிட்டு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். கோகிலவாணி எழுதினாள்: "வாக்கியம் சரியானது. மையம் இன்னும் அதன்படி நடக்கவில்லை." இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

இளஞ்செழியன் இரண்டு வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் போன் செய்து, "மலையில எத்தன ஊருக்குத் தார் ரோடு இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அவள் வரிசையாகச் சொன்னாள்.

ஆடி மாதம் வெள்ளிமலையிலேயே டாக்டரோடு அடையாள அட்டை முகாம் நடந்தது. ஆயம்மாளை வாடகை ஜீப்பில் அழைத்து வந்தார்கள். இருபது பேரை எதிர்பார்த்த இடத்தில் அறுபத்துமூன்று பேர். நாற்காலி போதாமல் இளஞ்செழியன் தரையில் சம்மணமிட்டு ஆயம்மாளின் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கே படிவங்கள் தீர்ந்துபோயின. கோகிலவாணி ஒரு நோட்டில் படிவம்போலக் கோடு கிழித்து, வரிசையில் அடுத்தவரைப் பார்த்து, "பேரு சொல்லுங்க" என்றாள்.