தட்டைக் கொண்டை

"நாளைக்கு அறுக்கப்போற அந்த ரெண்டு சேவலையும் நாலு பெட்டையையும் எனக்குக் குடுங்க. இன்னைக்கே குடுங்க."

தொப்பியில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டாமல், சமையலறை வாசலில் நின்றபடியே கிஞ்சோ இதைக் கேட்டாள். அடுப்பில் சோளமாவுக் களி கிண்டிக்கொண்டிருந்த வில்மாவின் கரண்டி நின்றுவிட்டது. மேசையில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் லெஹெல் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

அன்று டிசம்பர் பதின்மூன்று, லூட்சா என்ற புனிதையின் நாள். அன்றைக்கு இன்னொரு வீட்டில் போய் ஒரு தீக்குச்சிகூடக் கேட்கக் கூடாது. வீட்டிலிருந்து எதை எடுத்துக் கொடுத்தாலும் அதோடு கோழிகளின் ராசியும் போய்விடும். வருஷம் முழுக்க ஒரு பெட்டையும் முட்டை வைக்காது. கிஞ்சோவுக்கு நடை பழகிய நாளிலிருந்தே அவள் அம்மா சொல்லிவந்தது இது. அவளோ கோழியையே கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். கொண்டை சரியில்லையென்று லெஹெல் ஆறு கோழிகளை அறுக்கப்போகிற சேதி அன்றுதான் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

நாளைக்கு வா, அறுத்துச் சும்மாவே தருகிறேன் என்றார் லெஹெல். அவளுக்கு நாளை என்று ஒன்று இல்லை. காலை ஆறு மணிக்கு லெஹெல் கத்தி தீட்டிவிடுவார். எட்டு மணிக்குச் சமவெளியிலிருந்து லாரி வரும். கிஞ்சோவின் அப்பா அம்ப்ருஷ் சொல்லிவைத்த நாற்பது பழுப்புப் பண்ணைக்கோழிகள் அதில் வரும். அப்பா வைத்த கெடு இதுதான்: அதற்குள் இந்தக் குளிரைத் தாங்கும் கோழிகளை அவள் கொட்டிலில் காட்டினால் லாரி திரும்பிப் போகும். காட்டாவிட்டால் கொட்டில் அப்பாவுடையது; அவள் நகரத்துத் தீவனத் தொழிற்சாலையில் சித்தப்பா பார்த்துவைத்த வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

எல்லாம் போன குளிர்காலத்தின் வினை. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிப் படியேறிய முதல் ஆள் கிஞ்சோ. கால்நடைப் படிப்பை முடித்து ஊருக்கு வந்ததும், புத்தகத்தில் எந்த இனம் அதிகம் முட்டையிடும் என்று பார்த்து முப்பது வெள்ளை லெகார்ன் கோழிகள் வாங்கிவந்தாள். குளிர் உள்ளே வரக் கூடாதென்று கொட்டிலை பிளாஸ்டிக் தாளால் இண்டு இடுக்கில்லாமல் மூடி, சூட்டு விளக்கும் தொங்கவிட்டாள். கோழிகள் விட்ட மூச்சும் எச்சத்தின் ஈரமும் கூரையில் முத்துமுத்தாகக் கோத்து அவற்றின் தலையிலேயே சொட்டின. ஜனவரியில் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரிக்கு இறங்கியபோது, அந்தப் பெரிய சிவப்புக் கொண்டைகள் தீய்ந்த காகிதம்போலக் கறுத்துப்போயின. பத்தொன்பது செத்தன.

அதே வருஷம் ஊர்ப் பெண்கள் காலெல்லாம் இறகு முளைத்த பிரம்மாக் கோழிகளை வாங்கினார்கள். கோட்டு வாங்கும்போது எந்த ரோமம் அடர்த்தி என்று தடவிப் பார்ப்பார்களே, அதே கணக்கு. ஈரப்பனி அந்தக் கால் இறகில் கட்டிகட்டியாக உறைந்து, பாவம், கோழிகள் கல் கட்டிய கைதிகளைப்போல நடந்தன. அவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. பட்டம் வாங்கியவளைப் பார்த்துத்தான் ஊரே சிரித்தது.

"பட்டம் வாங்கின அம்மா கோழி கேட்டு வந்திருக்காங்க. முதல்ல நல்ல கோழி எதுன்னு கண்ணால பாக்கட்டும்," என்று லெஹெல் எழுந்தார். மாவட்டக் கண்காட்சியில் நாலு வருஷமாகப் பரிசு வாங்குகிற சேவல் அவரிடம் இருந்தது. அதைக் காட்டாமல் யாரையும் அவர் அனுப்பியதில்லை.

கொட்டிலுக்குள் நுழைந்ததும் கிஞ்சோ நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநாலு டிகிரி. உள்ளே கூரையை ஒட்டிய ஜன்னல் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்தே கிடந்தது. காற்று கோழிகளின் தலைக்கு மேலே வந்து மேலாகவே போய்விட்டது. மூக்கில் எச்ச நெடி ஏறவில்லை. முழங்கால் உயரத்துக்குக் கொட்டியிருந்த வைக்கோலை அள்ளிப் பிழிந்து பார்த்தாள், அப்பளம்போல நொறுங்கியது. கோழிகள் உட்காரும் கட்டையை உருளையாகச் செதுக்காமல் லெஹெல் அகலப் பலகையாகப் படுக்கப் போட்டிருந்தார். உட்கார்ந்தால் விரல்கள் முழுக்க வயிற்று இறகுக்குள் போய்விடும்.

அதன்மேல் அவை உட்கார்ந்திருந்தன. இந்த மலைநாட்டின் மொட்டைக்கழுத்துக் கோழிகள். பார்க்காதவன் பார்த்தால் நோய் என்றுதான் நினைப்பான். பாதி உரித்துவிட்டு அடுப்புக்கு நேரமாகிவிட்டதென்று விட்டுப்போனதுபோல, தோளிலிருந்து தலைவரை ஒரு இறகில்லாமல், சிவந்த தோலோடு. குளிருக்கு இதைப் போய் யாராவது வளர்ப்பார்களா என்று கல்லூரியில் அவளே எழுதியிருக்கிறாள். ஒரு பெட்டை கழுத்தைச் சுருக்கி இறக்கையடியில் சொருகிக்கொண்டது. அவ்வளவுதான், மொட்டை காணாமல் போய்விட்டது. இன்னொன்று திறந்த கதவு வழியே பனியில் இறங்கி, ஒரு சுற்று நடந்து, எதையோ கொத்திவிட்டு, தன் வீட்டு முற்றத்தில் நடக்கிற ராணிபோலத் திரும்பி வந்தது. கிஞ்சோவுக்கு அதைக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"இந்த ஜன்னலுக்கும் பலகைக்கும் உங்களுக்குக் கை குடுக்கணும், லெஹெல் பாச்சி," என்றாள், ஊரில் மூத்த ஆண்களைக் கூப்பிடுகிற முறையில். உண்மையாகவே சொன்னாள். படிப்பில் யாரும் அவளுக்கு இதைக் காட்டவில்லை.

லெஹெல் மனம் குளிர்ந்துபோனார். பரிசுச் சேவலைக் கையில் ஏந்திக் காட்டினார். அதன் கொண்டை ரம்பம்போல நிமிர்ந்து பளபளத்தது. மூலையில் தனியாக அடைத்திருந்த ஆறும் கழிசடைகள் என்றார். இரண்டு சேவல்களுக்கும் கொண்டை தலையோடு அமுங்கி, நசுங்கிய ராஸ்பெர்ரிபோல இருந்தது. பெட்டைகளுக்கும் அப்படியே. எந்தக் காலத்திலோ வந்து கலந்த ரத்தம், கண்காட்சியில் நடுவர் வாசலிலேயே திருப்பிவிடுவார், அதனால்தான் சூப்புக்கு.

கிஞ்சோ கையுறையைக் கழற்றினாள். பரிசுச் சேவலின் கொண்டையை ஒரு விரலால் தடவினாள். விரலைத் திருப்பிக் காட்டினாள். கொண்டை உறையாமலிருக்கத் தடவுகிற பன்றிக்கொழுப்பு. அது விலகிய இடத்தில், கொண்டையின் நுனி கறுத்திருந்தது.

"இது டிசம்பர்தான், பாச்சி. ஜனவரி இன்னும் வரவேயில்ல. அதுக்குள்ள உங்க ராஜாவுக்கு நுனி கருகிப்போச்சு. அந்த ஆறையும் பாருங்க, ஒண்ணுக்காவது ஒரு புள்ளி கறுப்பு இருக்கா? உறையறதுக்கு அதுங்க தலையில ஒண்ணும் நீட்டிக்கிட்டு இல்ல. நீங்க நல்ல கோழியைச் சூப்பு வெச்சுட்டு கெட்டதுக்குப் பரிசு வாங்குறீங்க."

லெஹெலின் முகம் சேவல் கழுத்தைவிடச் சிவந்தது. இருபத்தைந்து வருஷமாகக் கோழி வளர்ப்பவன் நான், நேற்றுப் படித்துவிட்டு வந்தவள் நீ, முப்பது கோழியைக் கூண்டோடு கொன்றவள் நீ என்று தொடங்கினார். அவள் தலையாட்டினாள். பத்தொன்பது, முப்பதில்லை என்று மட்டும் திருத்தினாள். கொன்றதால்தான் தெரியும் என்றாள்.

கதவருகே யாரோ மூக்கால் சிரித்த சத்தம் கேட்டது. வில்மா நின்றிருந்தார். இடுப்பில் கொழுப்பு டப்பா.

"நாலு வருஷமா விடிகாலை அஞ்சு மணிக்கு இவரு ராஜாவுக்குத் தலை தடவி விடுறவ நான்தான்," என்றார் வில்மா, கணவரைப் பார்க்காமலே. "எனக்கு ஒரு நாளாச்சும் யாரு தடவி விட்டாங்க?"

லெஹெல் சேவலைப் பலகையில் வைத்தார். ஆறும் தொலையட்டும், நாளைக்கு இருட்டோடு வந்து எடுத்துப் போ, அறுக்க மாட்டேன் என்றார். விடிவதற்குள் இவர் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று கிஞ்சோ யோசித்தாள். கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். பரிசு வாங்கிப் பழகிய கை அது. அவள் நேரே மூலைக்குப் போனாள்.

"இன்னைக்கு இந்த வீட்டுலேர்ந்து ஒண்ணும் வெளிய போகாது. நான் குடுக்க மாட்டேன், அவரையும் குடுக்க விடமாட்டேன்," என்றார் வில்மா. குரலில் விளையாட்டு இல்லை.

"நீங்க குடுக்க வேணாம், வில்மா நேனி. நானே எடுத்துட்டுப் போறேன்."

"அதுக்குப் பேரு திருட்டு."

"ஆமா."

"அப்ப நான் கத்தி ஊரைக் கூட்டணும்."

"கூட்டுங்க."

வில்மா டப்பாவைப் பார்த்தார், பரிசுச் சேவலைப் பார்த்தார். பிறகு கழுத்துத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரெண்டு நாளா தொண்டை கட்டியிருக்கு," என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

சுவரில் மாட்டியிருந்த இரண்டு சாக்குகளில் கிஞ்சோ பெட்டைகளை இரண்டிரண்டாக இறக்கினாள். ஒரு சேவலைக் கோட்டுக்குள் திணித்தாள். இன்னொன்றைக் கால்களைச் சேர்த்துப் பிடித்தாள். லெஹெல் வழியில் நின்றார். பிறகு கொட்டில் கதவை அவளுக்காக அகலத் திறந்துவிட்டார்.

லாரிக்காரனிடம் என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. வருகிற வண்டியைத் திருப்பி அனுப்புவதென்று, அந்தத் திறந்த ஜன்னலுக்குக் கீழே நின்றபோதே முடிவுசெய்துவிட்டாள். மார்பில் மொட்டைக்கழுத்து சூடாக அழுத்த, பட்டப்பகலில், தெருவே பார்க்க, பனியை மிதித்துக்கொண்டு வெளியே நடந்தாள்.